நல்ல அதிகாரிக்காகக் காத்திருக்க வேண்டாம்

அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை, தாலுகா அலுவலகத்தில் மனு நகரவில்லை என்று எந்தப் பேச்சு தொடங்கினாலும் அது பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறது: மேலே நேர்மையான ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். டீக்கடையில் மட்டுமல்ல, பத்திரிகைத் தலையங்கங்களிலும் நிர்வாகவியல் கருத்தரங்குகளிலும் இதே நம்பிக்கை ‘தலைமைப் பண்பு’ என்று சட்டையை மாற்றிக்கொண்டு உலவுகிறது. நம் சினிமா இதைச் சொல்லிச் சொல்லி உருவேற்றியிருக்கிறது. ‘முதல்வன்’ (1999) படத்தில் ஒரு நாள் முதல்வராகும் இளைஞர், வருடக்கணக்கில் தேங்கிக் கிடந்ததை மாலைக்குள் சுத்தம் செய்துவிடுகிறார். ‘சாட்டை’ (2012) படத்தில் அரசுப் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வந்து சேர்கிறார், பள்ளி நிமிர்ந்துவிடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நிறுவனம் ஏன் இயங்குகிறது, ஏன் முடங்குகிறது என்பதற்கு விளக்கமாக இதை எடுத்துக்கொண்டால்தான் சிக்கல். அந்த விளக்கம் தவறு. சரிசெய்ய வேண்டியவர்களைச் சத்தமில்லாமல் தப்பிக்கவிடுவதால் ஆபத்தான தவறும்கூட.

நல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்களால் நன்மையும் நடக்கிறது; அதை மறுக்க யாரும் கட்டுரை எழுத வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. அதே ஊர், அதே சம்பளம், அதே மனிதர்கள். அவர்கள் கையில் ஒரு வேலை ஒழுங்காக நடக்கிறது, இன்னொரு வேலை நாறுகிறது என்றால் அதற்குக் காரணத்தை அந்த மனிதர்களின் குணத்தில் எப்படித் தேடுவது? இது கற்பனைக் கேள்வி இல்லை. 2003-ஆம் ஆண்டில் மைக்கேல் கிரெமர், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் இந்தியாவின் பெரிய மாநிலங்களில் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பில்லாமல் ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை. பணியில் இருக்க வேண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் அந்த நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கூடுதல் சம்பளம் வாங்கியவர்கள் கூடுதலாக வந்தார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆய்வு அலுவலர் அண்மையில் வந்துபோன பள்ளிகளிலும், அடிப்படை வசதிகள் ஓரளவு உள்ள பள்ளிகளிலும் வருகை மேலாக இருந்தது. இந்தப் புள்ளிவிவரத்தைப் படிக்கிற எவருக்கும் முதலில் வருகிற எண்ணம், ‘வாத்தியார்களுக்குப் பொறுப்பில்லை’ என்பதுதான்.

தேர்தல் நாளன்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அதே வாத்தியார்தான் என்பதை நாம் ஏனோ சேர்த்துப் பார்ப்பதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர்கள் ஏறத்தாழ 97 கோடி, வாக்குச்சாவடிகள் 10 லட்சத்துக்கும் மேல், பாதுகாப்புப் படையினரையும் சேர்த்துப் பணியாளர்கள் 1.5 கோடி. இந்தக் கோடிகளில் தேர்தல் ஆணையத்தின் சொந்த ஊழியர்கள் என்று டெல்லி தலைமையகத்தில் இருப்பவர்கள் சில நூறு பேர் மட்டுமே. மற்றவர்கள் எல்லாரும் இரவல்: ஆசிரியர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், வட்டாட்சியர்கள், வங்கி ஊழியர்கள். மற்ற நாட்களில் நாம் கரித்துக்கொட்டுகிற அதே அரசு ஊழியர் கூட்டம். முந்தின நாள் மாலையே பெட்டிகளோடு சாவடிக்குப் போய், கொசுக்கடியில் படுத்து, விடியுமுன் எழுந்து, முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டி, அதை அழித்து, முத்திரையிட்டு, குறித்த நேரத்தில் கதவைத் திறக்கிறார்கள். மலையிலும் தீவிலும் இதுதான் நடக்கிறது. இவர்கள் ஒரே இரவில் திருந்திவிட்டார்களா?

திருந்தவில்லை. அவர்களைச் சுற்றியிருக்கும் ஏற்பாடு மாறியிருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பது படிப்படியாகக் கையேட்டில் இருக்கிறது. பயிற்சி வகுப்பு முன்பே நடந்துவிட்டது. எந்தச் சாவடி என்பதைக் கணினிக் குலுக்கல் தீர்மானிக்கிறது, ஆகவே உள்ளூர் பிரமுகரின் செல்வாக்கு அங்கே செல்லாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி அந்த நாட்களில் அந்த அலுவலர் ஆணையத்தின் கட்டுப்பாட்டிலும் ஒழுங்கு அதிகாரத்தின் கீழும் இருக்கிறார். அமைச்சர் தொலைபேசியில் அழைத்தாலும் அவரை அசைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவான வாக்குக் கணக்கைப் படிவம் 17சி-யில் எழுதி, ஒன்றையொன்று நம்பாத கட்சிகளின் முகவர்களுக்கு நகல் தர வேண்டும். தவறு நடந்தால் அதைக் கண்டுபிடிக்க ஆர்வமுள்ளவர்கள் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அறைக்கு உத்தமர் தேவையில்லை, சராசரி மனிதர் போதும். வாக்காளர் பட்டியலைப் பற்றியும் ஆணையர்கள் நியமனத்தைப் பற்றியும் இன்று கடுமையான சர்ச்சைகள் இருப்பது உண்மை. அவை என் வாதத்துக்கு எதிரானவை அல்ல. 2023 சட்டம் ஆணையர்களின் தேர்வுக் குழுவில் தலைமை நீதிபதிக்கு இடம் தராமல் ஒன்றிய அமைச்சர் ஒருவரை வைத்தது. ஆணையர் நாற்காலியில் இனி யார் வந்தாலும் அவர் மீது சந்தேகம் விழும்படி அமைப்பே ஆகிவிட்டது.

ஒரு நாள் கூத்தை வைத்து வருடம் முழுக்க நடக்கும் வேலையை அளக்கலாமா என்று கேட்பார்கள். தேர்தல் என்பது விழா மாதிரி, பயமும் பரபரப்பும் சேர்ந்து ஓட்டிவிடும் என்பார்கள். நியாயமான கேள்வி. ஆகவே விழாவே இல்லாத, புகைப்படக்காரர் எட்டிப் பார்க்காத ஒரு வேலைக்குப் போவோம்: மருந்துக் கிடங்கு. 1990-களின் தொடக்கம் வரை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவது பல கைகளில் சிதறிக் கிடந்தது. ஊழல் புகார்களும் தட்டுப்பாடும் கூடவே இருந்தன. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தது. அது செய்ததில் வீரம் ஒன்றுமில்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று போட்டது. வணிகப் பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் வாங்கியது. டெண்டரைப் போட்டியாளர்கள் முன்னிலையில் திறந்தது. மாவட்டங்களில் கிடங்குகள் வைத்து, இருப்பைக் கணினியில் ஏற்றியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் உள்ள தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளச் சொன்னது. கொள்ளைநோய் வந்த ஊருக்கும் வராத ஊருக்கும் ஒரே மூட்டையை அனுப்பும் பழைய வழக்கம் இதனால் போயிற்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆய்வகப் பரிசோதனை. வந்திறங்கும் தொகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். யாருடைய மாத்திரை என்று தெரியாதபோது ஆய்வகத்தை யார் போய் எப்படிக் கவனிப்பது? தேறினால்தான் மருந்து மருத்துவமனைக்குப் போகும், பணமும் வெளியே போகும்; தேறாதவர் கறுப்புப் பட்டியலுக்குப் போவார். மாத்திரை அட்டையிலேயே அரசுச் சின்னத்தை அச்சிட்டுவிட்டதால் வெளிக்கடையில் விற்பதும் கடினமாயிற்று. ஊழியர்களின் நேர்மையை நம்பி எழுப்பிய கட்டடம் இல்லை இது. சபலம் உள்ளவருக்கும் தப்புச் செய்ய வழி சிறுத்துவிடும்படி கட்டியது. குற்றச்சாட்டே எழாத இடம் என்று நான் சொல்லவில்லை. தட்டுப்பாடு வந்த காலங்களும் உண்டு. ஆனால் 1996, 2001, 2006, 2011, 2021 என்று ஐந்து முறை கோட்டையில் ஆட்சி கைமாறியிருக்கிறது, மேலாண் இயக்குநர்கள் வந்து போயிருக்கிறார்கள், அமைப்பு தொடர்கிறது. கேரளம் 2007-இலும் ராஜஸ்தான் 2011-இலும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. இந்த ஏற்பாட்டைத் தீட்டிய அதிகாரிகளின் பெயரைத் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. அது அவர்களுடைய வெற்றி.

பொதுச் சுகாதாரத்திலும் இதே கதைதான். சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-இல் வந்தது. நோய் பரவாமல் தடுப்பது யார் கடமை, எந்த அதிகாரத்தோடு என்பதை அது எழுத்தில் வைத்தது. பிற மாநிலங்கள் பலவற்றில் சிகிச்சை மருத்துவர்களே பதவி உயர்வில் சுகாதார நிர்வாகத்துக்கு வந்து சேர, இங்கே அதற்கென்று தனிப் பயிற்சியும் தனிப் பணிநிலையும் தனி இயக்குநரகமும் நிலைத்தன. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர முகாம்களில் பெரிய கொள்ளைநோய் எதுவும் வெடிக்காததற்கு அன்றைக்கு யாரோ ஒருவர் காட்டிய வேகம் காரணமல்ல. குடிநீரில் குளோரின் கலப்பதும் தடுப்பூசியும் ஈ, கொசு ஒழிப்பும் அந்தப் பணியாளர்களின் அன்றாடப் பழக்கமாக ஏற்கெனவே இருந்தன. கிராம ஆரம்ப சுகாதார நிலையப் பிரசவங்களை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். ‘அர்ப்பணிப்புள்ள டாக்டர் இல்லை, அதனால் பெண்கள் வருவதில்லை’ என்பது நீண்ட நாள் விளக்கம். 2000-களின் நடுவில் அரசு செய்தது, நிலையத்துக்கு மூன்று செவிலியர்களைப் போட்டு, முறைவைத்து இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொண்டது. பிரசவங்கள் பெருகின. இரவு இரண்டு மணிக்கு வலி எடுத்து வருகிற பெண்ணுக்கு, ஒரு தியாகியின் தூக்கம் கலைவதைவிட, அந்த நேரத்துக்கு முறை உள்ள ஒருவர் விழித்திருப்பதுதான் தேவை. தியாகியும் ஒரு நாள் விடுப்பில் போவார்.

இதோடு சேர்ந்தது தாய் மரணத் தணிக்கை. பேறுகால மரணம் ஒன்று விடாமல் பதிவாக வேண்டும், எங்கே தாமதம் என்று ஆராயப்பட வேண்டும், மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் இறந்தவரின் குடும்பமும் பேச வேண்டும் என்ற நடைமுறை மெல்ல உறுதிப்பட்டது. தண்டிப்பதற்காக அல்ல என்பதால் உண்மை வெளியே வந்தது: வண்டி வரவில்லை, ரத்தம் இல்லை, மேல்சிகிச்சைக்கு அனுப்பியதில் நேரம் போயிற்று. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001–03-இல் 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018–20-இல் 54 ஆயிற்று. நாடு முழுவதும் இதே காலத்தில் 301-லிருந்து 97-க்கு இறங்கியது; சரிவின் வேகம் அங்கேதான் சற்று அதிகம், ஆகவே தமிழ்நாட்டுத் தணிக்கை மட்டும் செய்த அற்புதம் என்று நான் அளக்கப் போவதில்லை. தொடக்கத்திலேயே நாட்டுச் சராசரியில் பாதிக்கும் கீழே நின்ற மாநிலம் அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே வர வேண்டுமானால், எஞ்சிய மரணங்கள் எங்கே, ஏன் நடக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தாக வேண்டும் என்பதே நான் சொல்வது.

இனி எதிர்த்தரப்பின் பிரம்மாஸ்திரம்: டி.என். சேஷன். தேர்தல் ஆணையம் 1950 முதல் இருந்தது, நன்னடத்தை விதிகளின் விதை 1960 கேரளத் தேர்தலிலேயே விழுந்தது, ஆனாலும் 1990 டிசம்பரில் அவர் தலைமைத் தேர்தல் ஆணையராக வந்த பிறகுதானே சுவர்விளம்பரமும் பண விளையாட்டும் பயந்தன? ஆமாம். ஆனால் அவரது துணிச்சல் எந்த நாற்காலியில் பலித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 324-ஆம் பிரிவு தேர்தலின் முழு மேற்பார்வையையும் ஆணையத்திடம் தருகிறது. தலைமைத் தேர்தல் ஆணையரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் அல்லாமல் நீக்க முடியாது. அதாவது, அவரை மாற்றல் செய்ய முடியாது. இதே சேஷன்தான் 1989-இல் இந்திய ஆட்சிப் பணியின் உச்சமான அமைச்சரவைச் செயலாளர் பதவியில் இருந்தார். அரசு மாறியதும் அந்த நாற்காலி போயிற்று. மனிதர் ஒருவரே, குணமும் ஒன்றே. செயலாளர் நாற்காலியில் அவரை அசைக்க முடிந்தது, ஆணையர் நாற்காலியில் முடியவில்லை. 1993-இல் ஆணையம் மூவர் அமைப்பாகி அவருடைய தனி அதிகாரம் குறைந்தது. அவர் ஆத்திரப்பட்டு நீதிமன்றம் போனார், 1995-இல் தோற்றார். ஆணையம் தோற்கவில்லை, அவர் போன பிறகும் பல தேர்தல்களை அதே கண்டிப்போடு நடத்தியது. டெல்லி மெட்ரோவின் ஸ்ரீதரனையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மத்திய, மாநில அரசுகளுக்குச் சமபங்கு கொண்ட, ஒரே வேலைக்கான நிறுவனம். பெரும்பகுதிப் பணம் ஜப்பானியக் கடனாக உறுதியாயிருந்தது. முடிவெடுக்கும் அதிகாரம் நிர்வாக இயக்குநரிடம் இருந்தது. 2011 இறுதியில் அவர் ஓய்வு பெற்றார், தடங்கள் அதன்பின் ஏறத்தாழ இருமடங்காயின. அவர் தலைமையேற்காத சென்னையிலும் 2015-இல் மெட்ரோ ஓடத் தொடங்கியது.

அப்படியானால் விதிகளைக் குவித்தால் போதுமா, நம் அலுவலகங்களில் விதிக்கா பஞ்சம் என்ற எதிர்க்கேள்வியை நான் மதிக்கிறேன். பஞ்சமில்லைதான். தன்னைக் காத்துக்கொள்ளக் கோப்பில் எழுதும் விதிகள் நம்மிடம் மலைபோல் இருக்கின்றன. வேலை நடந்ததா என்று வெளியாளுக்குக் காட்டும் விதிகள் குறைவு. கண்காணிப்பை இறுக்கினாலே எல்லாம் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ராஜஸ்தானின் உதய்ப்பூரில் நடந்த இரண்டு சோதனைகள் நல்ல மருந்து. சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் தன் ஒற்றை ஆசிரியர் பள்ளிகளில் கேமரா கொடுத்து, வந்த நாளுக்கேற்பச் சம்பளம் என்றது. வராமை 42 விழுக்காட்டிலிருந்து பாதியாகக் குறைந்தது. அதே மாவட்டத்தில் அதே நிறுவனத்தின் உதவியோடு அரசுத் துணைச் செவிலியர்களின் வருகையை நேரம் பதியும் கருவியால் கண்காணித்தார்கள். ஆறு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு சுகாதாரத் துறையே ‘கூட்டம், முகாம், விலக்கு’ என்று நாட்களைத் தள்ளுபடி செய்யத் தொடங்க, ஒன்றரை வருடத்துக்குள் கண்காணிக்கப்பட்டவர்களுக்கும் படாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. கருவி கெடவில்லை. முன்னதில் சொன்னபடி செய்யும் விருப்பமும் அதிகாரமும் நிறுவனத்திடம் இருந்தன. பின்னதில் துறைக்குத் தன் விதியைத் தானே காப்பாற்றும் நோக்கம் இல்லை.

நாயக அதிகாரி நம்பிக்கையால் நேரும் கேடு இங்கேதான் தெரிகிறது. அமைப்பைத் திருத்துவது சட்டமன்றத்தின், அமைச்சரவையின் வேலை. நல்லவரைப் போடுவது ஒரு கையெழுத்து. மக்கள் நல்லவரைக் கேட்கும்வரை அரசியல்வாதிக்குக் கையெழுத்தோடு வேலை முடிகிறது, நல்லவர் தொந்தரவானால் இன்னொரு கையெழுத்தில் அவரை வேறெங்காவது அனுப்பிவிடலாம். ஹரியானாவில் ஐ.ஏ.எஸ். அதிகாரி அசோக் கெம்கா தம் பணிக்காலத்தில் 50-க்கும் மேற்பட்ட மாற்றல்களைப் பார்த்துவிட்டுத்தான் 2025-இல் ஓய்வு பெற்றார். ஊர் அவரைக் கொண்டாடியது. அவர் விட்டுப்போன அலுவலகங்களில் எந்த நடைமுறை மாறியது என்று கேட்டவர்கள் குறைவு. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடர்ந்த வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், மாற்றலைப் பரிந்துரைக்க ஆட்சிப் பணி வாரியம் வேண்டும், வாய்மொழி உத்தரவைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தச் சொல்லி ஏதாவது ஊரில் மறியல் நடந்ததுண்டா? பிடித்த கலெக்டரை மாற்றக்கூடாது என்று மறியல்கள் நடந்திருக்கின்றன.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் அங்கே ஒரே வளாகத்துக்குள் இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. 1950-களில் காமராஜர் காலத்தில் பரவலாகி 1982-இல் எம்.ஜி.ஆர். பெருக்கிய மதிய உணவு, எத்தனையோ குறைகளோடும், நாள் தவறாமல் நடக்கிறது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று அந்த வேலைக்கே ஆட்கள் உண்டு. சோறு வராவிட்டால் அன்று மதியமே பிள்ளைகளுக்குத் தெரியும், மாலைக்குள் ஊருக்குத் தெரியும். 2022-இல் தொடங்கிய காலை உணவுக்கும் இது பொருந்தும். அதே கூரைக்குக் கீழே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியாமல் இருப்பது யாருக்கும் தெரியாமலே வருடங்கள் ஓடுகின்றன. நாடு முழுவதும் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் இந்த நிலையில் இருப்பதாக ‘அசர்’ கல்வி நிலை அறிக்கைகள் ஆண்டாண்டாகச் சொல்லி வருகின்றன. தலைமையாசிரியருக்குத் தெரிந்தாலும் அவர் என்ன செய்வார்? மேலே சொன்ன 2003 ஆய்வில் ஏறத்தாழ 3,000 அரசுப் பள்ளிகளில் ஒரே ஒரு தலைமையாசிரியர்தான், தொடர்ந்து வராத ஆசிரியர் பணிநீக்கம் ஆனதாகச் சொன்னார். பொறுப்பு முழுதும் அவர் தலையில், அதிகாரம் வேறெங்கோ. அங்கே போய் ‘சாட்டை’ நாயகனைத் தேடுவது அநியாயம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் என் பதிலில் கவர்ச்சி இருக்காது. பருவத்துக்கு ஒரு முறை, பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் வகுப்புக்குரிய ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டட்டும். யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று பெற்றோர் முன்னிலையில் முடிவாகட்டும். ஆசிரியர் விடுப்பில் போனால் அனுப்புவதற்கு ஒன்றிய அளவில் மாற்று ஆசிரியர்கள் இருக்கட்டும். சுண்ணாம்படிக்கவும் குழாய் மாற்றவும் மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் தலைமையாசிரியர் செலவழிக்கச் சிறு தொகை இருக்கட்டும். வட்டாரக் கல்வி அலுவலர் அறிக்கைகளிலிருந்தும் நீதிமன்ற வழக்குகளிலிருந்தும் விடுபட்டுப் பள்ளிக்குப் போகட்டும். ஆசிரியர் சங்கங்கள் இதற்கு மறுப்புச் சொல்லும், அந்த மறுப்பில் பாதி சரி: கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் பதிவேற்றுவதற்கே பாட வேளைகள் போய்க்கொண்டிருக்கும்போது இது இன்னொரு பதிவேடாக முடியும் என்பார்கள். பதிவேற்றும் வேலையை முதலில் குறைக்காமல் இதை மேலே ஏற்றினால் அவர்கள் எதிர்ப்பதே நியாயம். மீதிப் பாதி, பிள்ளை வாசிப்பதைப் பெற்றோர் கேட்பது ஆசிரியரை அவமதிப்பது என்ற வாதம். அதை ஏற்க முடியாது. கட்சி முகவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதை அதே ஆசிரியர் தேர்தல் நாளில் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.